எல்லா நோட்டிலும் “வகுப்பு நன்றாக நடந்தது”

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் வயது வந்தோருக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கும் 12 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லோரும் இளம்பெண்கள். வகுப்பு முடிந்ததும் நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். எல்லா நோட்டிலும் “வகுப்பு நன்றாக நடந்தது” என்றே இருக்கிறது. வராதவர்களைப் பற்றி “ஆர்வம் இல்லை” என்று முடித்துவிடுகிறார்கள். இவர்களை எப்படி யோசிக்க வைப்பது?
- ஒரு பயிற்றுநர், பென்னாகரம்

பதில்: அந்த நோட்டுகளை வாங்கித் திருத்துகிறீர்களா? அப்படியென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். பள்ளிக்கூடம் முழுக்க நோட்டை நீட்டி ‘குட்’ வாங்கிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். மேலிடத்துக்குப் போகும் நோட்டில் தன் தடுமாற்றத்தை யார் எழுதுவார்?

தொண்ணூறுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். ஓர் அம்மாவுக்கு மூன்று வாரமாகியும் எழுத்துகள் பிடிபடவில்லை. “மறதி அதிகம்” என்று குறித்து வைத்தேன். அவருக்கு வெள்ளெழுத்து என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மங்கிய விளக்கில், சின்ன எழுத்துப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தது நான். இன்றைக்கும் அது மனதில் குத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். கூட்டத்தில் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் கேள்வியை மாற்றுங்கள். “வகுப்பு எப்படிப் போனது?” என்று கேட்டால் “நன்றாக” என்றுதான் பதில் வரும். ஒரே ஓர் ஆளைப் பற்றி, ஒரே ஒரு நிமிடத்தைப் பற்றிக் கேளுங்கள். படத்தோடு ‘கேழ்வரகு’ என்று எழுதிய அட்டையைக் காட்டியதும் ஓர் அம்மா “ராகி” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தப்பு என்று திருத்திவிட்டு நகர்ந்துவிடலாம். கொஞ்சம் நின்றால், அவர் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைத்தான் படித்தார் என்பது புரியும். அப்படியானால் நேற்று சரியாகச் சொன்ன மற்ற அட்டைகள்? படத்தைக் கையால் மறைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அவர் தினமும் சொல்லும் ‘ராகி’ இரண்டே எழுத்து. அதை விட்டுவிட்டு ஐந்து எழுத்துச் சொல்லில் ஏன் தொடங்கினோம்?

“ஆர்வம் இல்லை” என்பதைத்தான் நான் சும்மா விடமாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் உங்கள் தர்மபுரி. பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. மீதிப் பேர் ஆர்வம் இல்லாமலா இருந்தார்கள்? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவர்கள், ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள், சின்ன வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்! வராத அம்மாவின் வீட்டுக்கு, அப்படி எழுதிய பெண்ணை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பருவத்தில் மாலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்தது யார் வசதிக்காக என்ற கேள்வி அங்கே தானாக வரும். அதுதான் நீங்கள் எதிர்பார்க்கும் யோசனை.

மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, இருபது நிமிடம் பேச விடுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் உடனே தீர்வு சொல்லிவிடாதீர்கள். “வேறென்ன காரணம் இருக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருப்பார்கள், பரவாயில்லை. ஒருநாள் ஒரு பெண், “அக்கா, அவங்களை எல்லார் முன்னாடியும் நான் திருத்தியிருக்கக் கூடாது” என்பாள். அப்போது பாராட்டவும் வேண்டாம், அதை நோட்டில் எழுதச் சொல்லவும் வேண்டாம். நாளைக்கு அந்த அம்மா வந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள்.