சந்தா கட்டாத கண்

கேள்வி: எல்லாரையும் ஒரே கம்பெனி ஆட்டிவைக்கும் எதிர்கால நகரம் பற்றிப் பதின்வயதினருக்கு ஓர் அறிவியல் கதை எழுதினேன். படித்த என் மகள் "போர் அடிக்குதும்மா" என்கிறாள். எங்கே சறுக்கினேன்? - ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதல் இரண்டு பக்கமும் அந்த நகரத்தின் வரலாறாக இருந்தால் கிழித்துவிடுங்கள் அம்மா. நகரம் வேண்டாம், ஒரு பொருள் போதும். இன்று இருக்கிற ஒன்றை ஒரே ஒரு படி தள்ளிப் பாருங்கள். 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் காரின் இருக்கையைச் சூடாக்க மாதக் கட்டணம் கேட்டது. சூடேற்றும் கம்பி இருக்கைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, பணம் கட்டினால்தான் வேலை செய்யும்! (எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே கைவிட்டார்கள்.) இருக்கைக்குப் பதில் கண்ணை வையுங்கள். அதுவும் வெறும் கற்பனை இல்லை. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். அமெரிக்கக் கம்பெனி 2019-ல் தயாரிப்பை நிறுத்தியது. பழுதானால் சரிசெய்ய ஆளில்லாமல் பலர் தவித்தார்கள்.

இனி காட்சி. தேர்வு அறை. பாதிக் கேள்வியில், சந்தா கட்டும் செயற்கைக் கண் பொருத்திய உங்கள் நாயகியின் பார்வை மங்குகிறது. ஓரத்தில் ஒரு வரி: 'மேலும் 10 நிமிடம் பார்க்க ஒரு விளம்பரம்.' ஷாம்பு விளம்பரம் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது. கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: 'அவள் ஏன் அதைக் கழற்றி எறியவில்லை?' என்று வாசகர் கேட்க மாட்டாரா? - அதே வாசகி

பதில்: கேட்பார். பெரும்பாலான கதைகள் விழுவதே இங்கேதான். முதலில் அந்தப் பொருள்மேல் வாசகருக்கே ஆசை வர வேண்டும். அவள் முதன்முதலாக நட்சத்திரம் பார்க்கும் இரவுக்கு அரைப் பக்கம் கொடுங்கள். பிறகு கணக்கு. வீட்டு வருமானம் 100 என்றால் சந்தா முதலில் 3, அப்புறம் 8, கடைசியில் 20. எடுத்த எடுப்பில் 20 போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளி வருகைப்பதிவும் தோழிகளின் அரட்டையும் அதே கண்ணுக்குள் இருந்தால், கழற்றுவது அவ்வளவு லேசில்லை. கர்ஜிக்கும் வில்லன் முதலாளி வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் ஓர் இனிய குரல் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று சொல்வது அதைவிடப் பயமாக இருக்கும்.

கேள்வி: எதிர்காலச் சொற்கள் எத்தனை போடலாம்? - ஒரு மாணவர், கரூர்

பதில்: சிறுகதைக்கு இரண்டு, மூன்று. ஜெராக்ஸ் எடுக்கிறோம், கூகுள் பண்ணுகிறோம் இல்லையா, அப்படிக் கம்பெனிப் பெயரையே வினையாக்குங்கள். அடைப்புக்குறிக்குள் விளக்கம் கூடாது.

கேள்வி: வாங்கிய புத்தகத்தைக் கம்பெனியே அழிப்பதாக எழுதினால் நம்புவார்களா? - ஒரு வாசகர், கோவை

பதில்: நடந்ததே! 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லையென்று, ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே நீக்கியது. காசைத் திருப்பித் தந்தது. பாடத்துக்காக அதில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவர் வழக்குப் போட்டார். உங்கள் கதையிலும் பணம் வரவான குறுஞ்செய்தி முதலில் ஒலிக்கட்டும். பையன் சந்தோஷப்படட்டும். புத்தகத்தைத் தேடுவது அதற்கப்புறம்.