கொருக்குப்பேட்டை வீட்டில் ஒரு சிஎன்சி ரவுட்டர்: 2019-ல் தொடங்கியது, இப்போது ஓடுகிறது

"வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்து, கடைசியில் நீங்கள் முடித்த வேலை எது? எது உங்களை முடிக்க வைத்தது?" என்பது கேள்வி.

என்னுடையது வீட்டிலேயே கட்டிய சிஎன்சி ரவுட்டர். பிளைவுட், மரம், அக்ரிலிக் இதையெல்லாம் கம்ப்யூட்டர் கொடுக்கும் கோட்டில் வெட்டித் தரும் மிஷின். முடிக்க வைத்தது ஒரு கேரம் போர்டு.

நான் மணலியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். வீடு கொருக்குப்பேட்டை, தரைத்தளம். வாசலை ஒட்டிய சின்ன அறைதான் என் பட்டறை. 2019-ல் இரும்பு டியூப் வாங்கி ஃபிரேம் வெல்டிங் செய்தாகிவிட்டது. அடுத்த வருடம் ஊரடங்கு, ஆர்டர் போட்ட லீனியர் ரெயில் (மிஷினின் நகரும் பகுதி நேராக வழுக்கிப் போகும் தண்டவாளம்) எங்கேயோ மாட்டிக்கொண்டது. அப்புறம் அப்பாவின் ஆபரேஷன், கையில் இருந்த பணம் அதற்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ரெயிலும், மோட்டார் சுற்றுவதை நேர் நகர்வாக மாற்றும் திருகுத் தண்டான பால் ஸ்க்ரூவும் ஆயில் தடவிய காகிதத்தில் சுற்றிப் பரணில் இருந்ததால் தப்பித்தன. தரையில் நின்ற ஃபிரேமை மட்டும் மறுபடி சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டியிருந்தது.

பணமும் மழையும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, மிஷினுக்கு அளவு முடிவாகாமல் இருந்தது. கதவு செதுக்க நாலடி வேண்டும் என்பார் ஒருவர், பெயர்ப்பலகைக்கு ஒன்றரை அடி போதும் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். இன்ன வேலைக்கு என்று தீர்மானமாகாத மிஷின் எந்த அளவிலும் சரியாகத்தான் தெரியும். அதனாலேயே எந்த அளவிலும் முடியாது. கிடப்பில் கிடக்கும் வேலை வைத்திருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

வடசென்னையில் கேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே சந்துக்குச் சந்து மன்றம் உண்டு, சாயங்காலமானால் பல்பு வெளிச்சத்தில் போர்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அந்தச் செய்தி வந்ததிலிருந்து என் அக்கா மகள் தெரு முனை மன்றமே கதியென்று இருக்கிறாள். ஒருநாள் வந்து, "காயின் உள்ள விழாம வாயிலயே நிக்குது மாமா, அடிச்சதே வேஸ்ட்டா போவுது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பழைய போர்டு, நல்ல சட்டம். ஆனால் நாலு பாக்கெட்டின் விளிம்பிலும் பிளைவுட்டின் மேல் அடுக்கு பொரிந்திருந்தது. விரலால் தடவினால் சிலும்பு குத்துகிறது. மெதுவாக வரும் காயின் அந்தச் சிலும்பில் தட்டி நின்றுவிடும். பாக்கெட்டைக் கொஞ்சம் பெரிதாக அறுத்துச் சரிசெய்யவும் வழியில்லை. சர்வதேச விதிப்படி பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ., கூடக்குறைய 0.15 செ.மீ. வரைதான் போகலாம். இருக்கிற சட்டத்தில் புதுப் பிளைவுட் போடுவதுதான் வழி, அதில் நாலு வட்டமும் சுத்தமாக விழ வேண்டும்.

அன்றைக்கே அளவு முடிவாகிவிட்டது. ஆடும் பரப்பு 73.5-லிருந்து 74 செ.மீ. சதுரம். ஆக எக்ஸ் (குறுக்கு), ஒய் (நெடுக்கு) இரண்டிலும் 800 மி.மீ. ஓட்டம் போதும். சட்டத்தோடு முழு போர்டையும் உள்ளே வைக்கிற மாதிரி, வெட்டும் தலையைத் தாங்கி நகரும் பாலமான கேன்ட்ரியின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. அதற்கு மேல் யார் என்ன யோசனை சொன்னாலும், "கேரம் போர்டுக்குத் தேவையா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இருந்த ஃபிரேம் அந்த அளவுக்குப் பொருந்தியது. ஆனால் வெல்டிங் செய்த இரும்பு மட்டமாக இருக்காது. எங்கள் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது துல்லியமாக நேராக்கிய இரும்புப் பட்டையை, மேலே வைத்து, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. "இரும்பு சூடு வாங்கினா ஒரு பக்கம் இழுக்கும் தம்பி. இனிமே மேல மட்டம் பண்ணிக்கிறதுதான்" என்றார். அந்த நீளத்தைப் பெரிய மில்லிங் மிஷினில் ஏற்றி மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கக் கேட்ட கூலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் எபாக்சி (ஹார்டனர் என்ற திரவத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றும் முறைக்குப் போனேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வீட்டில் கட்டுபவர்களுக்கு இதைவிடப் பயன்படுகிற உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

ரெயில் உட்காரப் போகும் இரண்டு பக்கத்து டியூபின் மேலும் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி வாய்க்கால் மாதிரி கட்ட வேண்டும். இரண்டு வாய்க்காலையும் ஒரு முனையில் குறுக்கே இன்னொரு சின்ன வாய்க்காலால் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் ஊற்றும் எபாக்சி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அந்த இணைப்பு இல்லையென்றால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே மட்டமாக இருக்கும், ஒன்றுக்கொன்று உயரம் மாறிவிடும். எபாக்சி தண்ணியாக ஓடும் ரகமாகவும், ஹார்டனர் மெதுவாக இறுகும் ரகமாகவும் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் ஊற்றினால் மட்டம் தேடி முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும். மார்கழி விடியற்காலை, ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஊற்றினேன். சுமார் 5 மி.மீ. கனம். மேலே வந்த குமிழிகளை ஹேர் டிரையரால் லேசாகக் காட்டி உடைத்தேன்.

இன்னொரு விஷயம். ஊற்றிய திரவம் ஓரத்தில் டேப்பைப் பிடித்துக் கொஞ்சம் மேலே ஏறும், நடு மட்டும்தான் நிஜமான மட்டம். ரெயில் எச்ஜிஆர் 20, அதாவது 20 மி.மீ. அகலம். நான் 50 மி.மீ. அகலத்துக்கு ஊற்றி, நடுவில் ரெயிலை வைத்தேன். நன்றாக இறுகச் சில நாள் தொடாமல் விட்டு, அப்புறம் 60 மி.மீ.க்கு ஒன்றாக எம் 5 போல்ட்டுக்கு டிரில் அடித்து மரை வெட்டினேன். ஸ்ட்ரெய்ட் எட்ஜை மறுபடி வைத்து டார்ச் அடித்தபோது வெளிச்சம் வரவில்லை. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "சரி, மாட்டு" என்றார்.

அதன்பிறகு வேலை ஓடியது. பேரிங், கப்ளிங் எல்லாம் லிங்கி செட்டி தெரு, ஒயரும் சுவிட்சும் ரிச்சி தெரு. மூளை ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன சர்க்யூட் பலகை, அதில் கம்ப்யூட்டர் கொடுக்கும் கோட்டை மோட்டார் அசைவாக மாற்றும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். மோட்டார் ஒரு சுற்றை 200 சின்ன அடிகளாக (ஸ்டெப்) எடுத்து வைக்கும், அதை ஓட்டும் டிரைவரில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்தால் (மைக்ரோஸ்டெப்) 1600. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். ஆக மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப், அதுதான் $100, $101, $102 செட்டிங்கில் போக வேண்டிய எண். ஊனோவில் ஜிஆர்பிஎல் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப் வரை கொடுக்கும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 5600 மி.மீ. வரை வேகம். பிளைவுட்டுக்கு அதில் பாதியே தாராளம்.

சதுரம் பிடிப்பதுதான் அடுத்த பெரிய வேலை. ஒய் பக்கம் இரண்டு மோட்டார். ஒன்று முந்தி நின்றால் கேன்ட்ரி கோணலாகும், வெட்டும் சதுரம் சாய்சதுரமாகும். பவர் போடும் முன்பே கேன்ட்ரியை இரண்டு பக்கமும் ஸ்டாப்பரில் முட்டவைத்துவிடுகிறேன். ஸ்டாப்பர் சரியா என்று பார்க்க, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் 740 மி.மீ. சதுரத்தின் நாலு மூலையிலும் துளை போட்டு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். இரண்டும் 1046.5 மி.மீ. வர வேண்டும். ஒன்றுக்கொன்று 1 மி.மீ. வித்தியாசம் என்றால், ஒரு பக்க நீளத்தில் ஏறத்தாழ 0.7 மி.மீ. கோணல் என்று அர்த்தம். ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இதைச் சரிக்குக் கொண்டுவரலாம். வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் நேராக நிற்கிறதா என்று பார்க்க, மிகச் சின்ன உயர வித்தியாசத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை அதிலேயே கட்டிப் பலகைமேல் வட்டமாகச் சுற்றிப் பார்ப்பதுதான் வழி. சாய்வு இருந்த இடத்துக்குக் கூல்டிரிங்ஸ் கேனைக் கத்தரித்து அடியில் கொடுத்தேன். அந்தத் தகடு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம்தான், இடைவெளி நிரப்பும் ஷிம்முக்கு அருமையாகப் பொருந்தும்.

எலக்ட்ரீஷியன் என்ற முறையில் ஒயரிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலை ஓட்ட விஎஃப்டி தேவை, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி அது. 24,000 ஆர்பிஎம் என்றால் 400 ஹெர்ட்ஸ். விஎஃப்டி 50 ஹெர்ட்ஸ் செட்டிங்கில் வந்திருந்தால், அதை மாற்றாமல் ஸ்டார்ட் கொடுக்கவே கூடாது. முழு வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸிலேயே ஏறி, காயில் கருகிவிடும். அப்புறம், விஎஃப்டி கிளப்பும் நாய்ஸ் (மின் இரைச்சல்), ஓட்டத்தின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்சின் ஒயரில் ஏறினால், மிஷின் எதிலும் இடிக்காமலேயே அலாரம் போட்டு நின்றுவிடும். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள், அந்த ஷீல்டுக்கு எர்த், லிமிட் சுவிட்சை நார்மலி குளோஸ்டாக (முட்டாதபோது மின்சாரம் ஓடும்படி) இணைப்பது, இரண்டு ஒயரையும் ஒரே டிரங்க்கிங்கில் போடாமல் பிரிப்பது, இவ்வளவும் செய்தால் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெயருக்கு இருக்கும், மண்ணில் எங்கேயும் இறங்கியிருக்காது. நான் மிஷினுக்கென்றே தனி எர்த் ராடு இறக்கினேன். மழை நாளில் ஈரத்தரையில் வெறுங்காலோடு குழந்தைகள் நடமாடும் வீடு, இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

முதல் பாக்கெட் வெட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே பிட் தேர்வு முக்கியம். சாதாரண பிட் சுருளை மேலே இழுத்துத் தள்ளும், அதோடு பிளைவுட்டின் மேல் அடுக்கும் பிய்ந்து வரும். டவுன் கட் பிட் நாரைக் கீழ்நோக்கி அழுத்தி வெட்டும், மேல் விளிம்பு சுத்தமாக நிற்கும். 6 மி.மீ. டவுன் கட், இரண்டு ஃபுளூட் (வெட்டும் பல்), 18,000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 2400 மி.மீ. வேகம். ஒரு பல்லுக்குக் கிட்டத்தட்ட 0.07 மி.மீ. சீவல். இதைவிட ரொம்ப மெதுவாகப் போனால் பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகி வாசனை வரும். வட்டத்தை 0.2 மி.மீ. சிறிதாக வெட்டி, கடைசியாக ஒரு சுற்று மட்டும் முழு அளவுக்குக் கொண்டுவந்தேன். அக்கா மகள்தான் முதலில் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்த்தாள். ஒரு சிலும்பும் இல்லை. வெர்னியரில் 44.5 மி.மீ.

கோடுகளுக்கு ஸ்பிண்டிலை ஓட விடவில்லை. செதுக்கினால் ஸ்ட்ரைக்கர் தட்டும். ஸ்பிரிங் வைத்த ஹோல்டரில் பேனாவைப் பொருத்தி, 17 செ.மீ. நடு வட்டம், 47 செ.மீ. பேஸ் லைன்கள், அவற்றின் முனைகளில் 3.18 செ.மீ. வட்டங்கள், மூலை அம்புகள் எல்லாம் போட்டு, மேலே லேக்கர் அடித்தேன். மன்றத்தில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை மெல்லத் தள்ளிவிட்டு அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதுவும் சொல்லாமல் காயின்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அது போதும்.

இப்போது பக்கத்து மன்றங்களிலிருந்தும் போர்டு வருகிறது. பிளைவுட் விலை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். மிஷினுக்குத் தினசரிக் கவனிப்பு ஒன்றுண்டு. மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்றில் உப்பு இருக்கிறது, ரெயிலை வெறுமனே விட்டால் துருப் புள்ளி விழுந்துவிடும். வேலை முடிந்ததும் தூசியை உறிஞ்சி, ரெயிலை ஆயில் துணியால் துடைத்து, மூடி வைக்கிறேன். எம்.டி.எஃப். தூள் ஆயிலோடு சேர்ந்து பசையாகிவிடும் என்பதால் வேக்குவம்தான் முதலில், துணி அப்புறம்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் யாராவது பாதியில் நிறுத்திவைத்த மிஷின் இருந்தால் சொல்லுங்கள். என்ன வேலைக்காகக் கட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எபாக்சி ஊற்றும் அன்று விடியற்காலை வந்து கை கொடுக்கிறேன். டயல் கேஜ் இல்லையென்றால் என்னுடையதை வாங்கிக்கொண்டு போகலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.