பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கை மாற்றிவிடலாமா?

கேள்வி: புதிதாக ஒரு பிக்கப் ட்ரக் வாங்கியிருக்கிறேன். ஆயில் மாற்றப் போனபோது, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் பிளக், அதாவது பழைய ஆயிலை இறக்கும் துளையின் மூடி, பிளாஸ்டிக் என்று மெக்கானிக் காட்டினார். சூட்டில் இளகிவிடும், கல் பட்டால் உடைந்துவிடும், உலோகத்தில் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பயம் நியாயமானதுதான். லிட்டர் கணக்கில் ஆயிலைத் தாங்கி நிற்பது அந்த ஒரு மூடி. ஆனால் பிளக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பிளக் வருகிற எஞ்சின்களில் ஆயில் சேம்பரும் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஃபோர்டு எஃப்-150 ட்ரக்கின் 2.7 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம்.

முதலில் சூடு. இது பக்கெட் செய்கிற பிளாஸ்டிக் அல்ல. இந்த வகைப் பாகங்களைப் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்கிறார்கள். ஆயில் சேம்பரில் சூடு வழக்கமாக 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். நைலான் 66 உருகுவதற்கோ சுமார் 260 டிகிரி வேண்டும். சூட்டில் முதலில் கெடுவது பிளக்கைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான். அது நாளாக நாளாக இறுகி, நெகிழ்வை இழந்துவிடும். உலோக பிளக் போட்டாலும் அதிலும் ஓ-ரிங் உண்டு, அதுவும் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது பூட்டும் விதம். பழைய பிளக்கில் மரை இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அலுமினிய சேம்பரின் மரை போய்விடுவது பல காலமாக நடக்கும் கதை. புது வகையில் மரை கிடையாது. கால் சுற்றுத் திருப்பினால் பிளக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் சேம்பரின் பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இதில் கசிவைத் தடுப்பது இறுக்கம் இல்லை, ஓ-ரிங். அந்தக் காதுகளை உலோகத்தில் செய்து பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் ஒவ்வொரு தடவையும் திருப்பினால், தேய்வது எது? சேம்பர்தான். பிளக் சின்ன செலவு. சேம்பரை மாற்றுவதென்றால் பாகத்தின் விலையோடு கழற்றி மாட்டும் கூலியும் சேரும், சில வண்டிகளில் கூலியே பெரிதாக இருக்கும். உலோக பிளக் போட்டுப் பிரச்சினையே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மலிவான பாகத்தைக் காப்பாற்ற விலை உயர்ந்த பாகத்தைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரண்டி காலத்தில் கசிவு வந்தால், வெளிப் பாகம் போட்டதைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்கவும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

கல் அடிக்கிற பாதையில் அடிக்கடி ஓட்டுகிறவரா? அப்படியானால் அந்தப் பணத்தை எஞ்சினுக்கு அடியில் மாட்டும் பாதுகாப்புத் தகடுக்குச் செலவிடுங்கள். பிளக்கோடு சேம்பரும் தப்பிக்கும். ஆயில் இறக்க அந்தத் தகட்டில் திறப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது பிளக் என்று பில் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. சில கம்பெனிகளே ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும் என்கின்றன, ஃபோக்ஸ்வேகன் கார்களில் வரும் பிளாஸ்டிக் பிளக் அப்படிப்பட்டது. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திரும்பப் பயன்படுத்தலாம் என்றிருந்தாலும் ஓ-ரிங் தட்டையாகிவிட்டாலோ காதில் கீறல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். பில்லில் பாக எண் எழுதச் சொல்லுங்கள், பழைய பிளக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையாகவே மாற்றியவர் கொடுக்கத் தயங்கமாட்டார்.

கேள்வி: சர்வீஸ் முடிந்த மறுநாள் பிளக் பக்கம் சொட்டுகிறது. சிலிக்கோன் பசை தடவினால் போதுமா?

பதில்: தடவவே கூடாது. பசை துணுக்குகள் உள்ளே போய் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அப்புறம் ஈரத்தைத் துடைத்துப் படம் எடுத்து, சர்வீஸ் செய்த இடத்துக்கே உடனே தெரிவியுங்கள். பிளக் கடைசி வரை திரும்பிப் பூட்டவில்லை, அல்லது பழைய ஓ-ரிங்கையே போட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். பவர் கன் (போல்ட் இறுக்கும் இயந்திரக் கருவி) வைத்துத் திருப்பியிருந்தால் சேம்பரின் பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் புது சேம்பர் அவர்கள் செலவில்தான் என்பதை எழுத்தில் கேளுங்கள்.