அறுபது படங்கள் வேண்டாம், ஆறு போதும்

வணக்கம் டீச்சர். ஏற்காட்டில் உங்கள் பள்ளியில் வைத்த குழந்தைத் தொழிலாளர் படக் கண்காட்சியை மாணவர்கள் ஐந்தே நிமிடத்தில் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அறுபது படங்கள் மிக அதிகம். ஆறு போதும்.

அதில் லூயிஸ் ஹைன் எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 1908 முதல் அமெரிக்க நூற்பாலைகளில் உழைத்த சிறுவர்களைப் படமெடுத்தவர். அவர்களின் உயரத்தைத் தம் உடைப் பொத்தான்களை வைத்தே கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார். படக்குறிப்பை மறைத்துவிட்டு, "இந்தச் சிறுமிக்கு என்ன வயது? காலில் செருப்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள். மாணவர்கள் சொல்லி முடித்த பிறகு குறிப்பைத் திறந்து காட்டுங்கள்.

அடுத்து, காப்பித் தோட்டத்திலோ சேலம் கொலுசுப் பட்டறையிலோ வேலை செய்யும் பெரியவர்களிடம், எந்த வகுப்போடு படிப்பு நின்றது, ஏன் என்று மாணவர்களே கேட்டு வரட்டும். அனுமதி பெற்று, கைகளை மட்டும் படமெடுக்கட்டும். முகம் வேண்டவே வேண்டாம். எந்தப் பிள்ளையின் வீட்டு வறுமையும் வகுப்பில் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது.