பாங்காக் தெருக்கடையில் 40 மாணவர்கள்: கேள்வி பதில்

கல்லூரிக் குழுவோடு பாங்காக் போகிறவர்களின் சாப்பாட்டுக் கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில். விசா, டிக்கெட் பற்றி இங்கே கேட்காதீர்கள்.

கேள்வி: சார், எங்கள் 40 பேரில் 14 பேர் சைவம். "கறி வேண்டாம்" என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. அங்கே அசைவம் தட்டின் மேல் தெரியாது, சாஸுக்குள் கரைந்திருக்கும். உப்புக்குப் பதில் "நாம் ப்ளா" எனும் மீன்சாறு. பச்சை, சிவப்புக் குழம்பு விழுதில் பெரும்பாலும் கபி, அதாவது இறால் விழுது, சேர்த்து அரைத்திருப்பார்கள். கீரை வதக்கலில்கூடச் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். கறி வேண்டாம் என்றால் கடைக்கார அம்மா கோழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போடுவார். அவர் மேல் தப்பில்லை.

கேட்க வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கினால் ஜே கடை. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். "மங்சவிரட்" என்பதும் சைவம்தான், ஆனால் முட்டை வரலாம். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனி உண்டு, நம் உச்சரிப்பு எடுபடாது. "ஜே சாப்பிடுகிறேன், மீன்சாறு, இறால் விழுது, சிப்பி சாஸ் வேண்டாம்" என்று தாய்லாந்து எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, 14 பேர் கையிலும் கொடுங்கள். ஆசிரியர் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அவர் அடுத்த கடையில் நிற்கும்போது யாருக்கும் பயன்படாது.

கேள்வி: ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்கலாமா?

பதில்: நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் ஆலையில் சுத்திகரித்த நீரில் செய்தது. குடிக்கலாம். பாளத்தை உடைத்துப் போட்ட ஐஸ் வேண்டாம்.

கேள்வி: ஒரு மாணவிக்கு வேர்க்கடலை அலர்ஜி. கடலை போடாமல் பப்பாளிக்காய் சாலட்டான சொம் தம் வாங்கித் தரலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் கடையின் உரலைப் பாருங்கள். பூண்டு, மிளகாய், கடலை, காய்ந்த இறால், தக்காளி, பப்பாளிச் சீவல் எல்லாம் ஒரே உரலில் விழும். ஒரு தட்டு முடிந்ததும் கரண்டியால் வழித்துவிட்டு அடுத்ததை இடிப்பார்கள், கழுவ மாட்டார்கள். உங்கள் தட்டில் கடலை போடாவிட்டாலும் முந்தைய தட்டின் தூள் உரலில் ஒட்டியிருக்கும். மஸ்ஸமன் குழம்பு, சத்தே சாஸ், பேட் தாய் நூடுல்ஸ் மூன்றிலும் கடலை சேரும், அவளுக்கு ஆகாது. அட்ரினலின் ஊசி அவள் தோள்பையில் இருக்க வேண்டும், பேருந்தின் அடியில் போட்ட பெட்டியில் அல்ல. ஆம்புலன்ஸ் எண் 1669.

கேள்வி: பேட் தாயில் இறாலை எடுத்துப் போட்டால் சைவம்தானே?

பதில்: இல்லை. புளி, பனைவெல்லம், மீன்சாறு மூன்றையும் காய்ச்சிய சாஸை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். கலந்ததை எப்படி எடுப்பது? ஜே கடையில் சோயா சாஸில் செய்து தருவார்கள், அங்கே போங்கள்.

குறுக்கே ஒருவர்: வெளிநாடு போனால் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும். ஒரு கரண்டி மீன்சாறில் என்ன வந்துவிடப் போகிறது?

இன்னொருவர்: உங்கள் வாய்க்கு நீங்கள் அனுசரியுங்கள். எங்கள் பிள்ளைக்கு நீங்கள் ஏன் முடிவு செய்கிறீர்கள்?

முதலாமவர்: இப்படிப் பார்த்தால் புளிசோற்றுப் பொட்டலத்தோடு ஹோட்டல் அறையிலேயே உட்கார வேண்டியதுதான்.

பதில்: ரெண்டு பேரும் சற்று நிறுத்துங்கள். மீன்சாறு இருக்கிறது என்று தெரிந்து ஒரு மாணவன் சாப்பிட்டால் அது அவன் விருப்பம். சொல்லாமல் சாப்பிட வைத்தால் அது ஏமாற்று. புளிசோறும் வேண்டாம், வெயிலில் பேருந்தில் கிடந்தால் கெட்டுவிடும். பாஹுரத் பகுதியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், அவசரத்துக்கு அது போதும்.

கேள்வி: ஐஸ் காபி?

பதில்: ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ருசி பார்க்கணும், காசும் வயிறும் தாங்கணும். எப்படி?

பதில்: ஆறு பேர் ஒரு குழு. ஆளுக்கொரு தட்டு வாங்காமல், குழுவுக்கு ரெண்டு தட்டு, வேறு வேறு கடையில். கண்ணெதிரே வாணலியில் கொதித்து இறங்குவதை மட்டும் வாங்குங்கள். தட்டில் ஆறிக்கிடப்பதைத் தொடாதீர்கள். "மாய் பெட்" என்றால் காரம் வேண்டாம். அப்படிச் சொல்லியும் லேசாகக் காரம் இருக்கும்.

கேள்வி: தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீன் சாலட் பிரபலமாமே?

பதில்: கோய் ப்ளா. தொடாதீர்கள். ஆற்று மீனிலுள்ள கல்லீரல் புழு எலுமிச்சைச் சாற்றில் சாகாது. பித்தக்குழாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

கேள்வி: பேதியானால்?

பதில்: ஓஆர்எஸ் பொட்டலம். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: டுரியான் பழம்?

பதில்: கடையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். அதன் கடும் வாடைக்காகப் பெரும்பாலான ஹோட்டல்கள் உள்ளே விடாது.

கேள்வி: கடைசி இரவு சைனாடவுனான யாவொராத்தில் விருந்து வைக்கலாமா? மறுநாள் காலை விமானம்.

பதில்: முதல் நாளோ ரெண்டாம் நாளோ வையுங்கள். சில கிருமிகள் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும், சில 1 முதல் 3 நாள் எடுக்கும். கடைசி இரவு வெறும் சோறு, வேகவைத்த காய். 40 பேருக்கு விமானத்தில் எத்தனை கழிப்பறை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சார், ஐஸ்கட்டி…

பதில்: மேலே போய்ப் படியுங்கள்.