சரியான கடவுச்சொல்லையும் தவறு என்கிறதே கைப்பேசி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் இடி மின்னலில் எங்கள் வைஃபை ரவுட்டர் கெட்டுப்போனது. சேவை நிறுவனத்தின் ஆள் வந்து புதியதை மாட்டிவிட்டு, கடவுச்சொல் அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது என்று சொல்லிப் போனார். மகளின் புதுக் கைப்பேசி உடனே இணைந்துவிட்டது. என்னுடைய பழைய கைப்பேசியும் மாமனாரின் மடிக்கணினியும், அதே கடவுச்சொல்லைத் தட்டினாலும், தவறு என்றே சொல்கின்றன. கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்ப்பவர், ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
– இல்லத்தரசி ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், ஊசியை எடுத்துத் தையல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மகளின் கைப்பேசி இணைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ரவுட்டர் நலமாக இருக்கிறது, கடவுச்சொல்லும் செல்லுபடியாகிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. இனிச் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: நீங்கள் தட்டுவது உண்மையில் அதே கடவுச்சொல்தானா என்பது ஒன்று, உங்கள் பழைய கருவிகளுக்குப் புதிய ரவுட்டரின் பாதுகாப்பு முறை புரிகிறதா என்பது மற்றொன்று.

முதலாவதை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். அடியில் ஒட்டிய தாளைப் பார்த்துத் தட்டாதீர்கள். அந்தப் பொடி எழுத்தில் ஆங்கில ஓவும் சுழியமும் ஒன்றுபோலவே தெரியும், சிறிய எல், பெரிய ஐ, எண் 1 ஆகிய மூன்றும் கண்ணாடி போட்டவரையும் ஏமாற்றும். மகளின் கைப்பேசி ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், வைஃபை அமைப்பில் அந்த இணைப்பைத் தொட்டுப் பகிர் என்பதை அழுத்தினால் ஒரு கியூஆர் குறி தோன்றும். பல கைப்பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் எழுத்துகளாகத் தெரியும். ஐஃபோன் என்றால், 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் அமைப்புப் பக்கத்திலேயே கடவுச்சொல்லைப் பார்க்கலாம். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் கைப்பேசியில் கண் வடிவப் பொத்தானை அழுத்தி, தட்டும் எழுத்து தெரியும்படி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறானவை. மகள் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பியதை நகலெடுத்து ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அங்கே முதல் எழுத்து தானாகப் பெரியதாகியிருக்கும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

தட்டுவதற்கு முன், பழைய கருவிகள் இரண்டிலும் அந்த வைஃபையின் பெயரைத் தேர்ந்து, மறந்துவிடு என்னும் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். வந்தவர் புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையே வைத்துப் போயிருந்தால், உங்கள் கைப்பேசி, கேட்காமலேயே, தான் சேமித்து வைத்திருக்கும் பழைய கடவுச்சொல்லை நீட்டிக்கொண்டிருக்கும்.

கடவுச்சொல் தவறு என்ற அந்த அறிவிப்பை அவ்வளவாக நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கடவுச்சொல் உங்கள் கைப்பேசியிலிருந்து காற்றில் பறந்து ரவுட்டருக்குப் போவதில்லை. வீடுகளில் பெரும்பாலும் புழங்கும் டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில், கைப்பேசியும் ரவுட்டரும் தனித்தனியே, கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் கலந்து, 4,096 சுற்றுக் கணக்குப் போட்டு, ஒரு சாவியை உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. பிறகு நான்கு செய்திகளைப் பரிமாறி, இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதானா என்று மட்டும் சரிபார்க்கின்றன. பொருந்தாவிட்டால் எந்த எழுத்தில் பிழை என்று சொல்ல இரு பக்கத்துக்கும் வழியில்லை. அலை பலவீனமாகி அந்த நான்கில் ஒரு செய்தி தொலைந்துபோனாலும், சில கருவிகள் கடவுச்சொல்லின் மேலேயே பழியைப் போட்டுவிடும். ஆகவே முதல் முறை இணைக்கும்போது ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து முயலுங்கள். தோட்டத்து வீடுகளில் பின்னால் தகரம் அடித்து நீட்டிய சமையலறையில் நின்றுகொண்டு முயல்வது சரியான சோதனை ஆகாது.

இவ்வளவு செய்தும் பழையவை இரண்டும் மறுத்து, புதியது மட்டும் இணைந்துகொண்டிருந்தால், நான் அடுத்துச் சந்தேகிப்பது அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ3 என்னும் பாதுகாப்பு முறையை. டபிள்யூபிஏ2 வந்தது 2004இல், டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகிய இரண்டும் 2019இல் வெளிவந்தபோதுதான் கைப்பேசிகளுக்குப் பரவலாக இந்தப் புதிய முறை தெரியவந்தது. அதற்கு முந்தைய கைப்பேசியும், அந்தக் காலத்து வைஃபை பாகத்தைக் கொண்ட மடிக்கணினியும், ரவுட்டர் புதிய முறையில் மட்டுமே பேசினால் திகைத்து நிற்கும். சில, இணைய முடியவில்லை என்று நேர்மையாகச் சொல்லும். சில, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு நம்மைச் சோதிக்கும்.

இதைச் சரிசெய்ய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போக வேண்டும். மகளின் கைப்பேசி ஏற்கெனவே இணைந்திருப்பதால் அதிலிருந்தே போகலாம். உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான ரவுட்டர்களில் அந்தப் பக்கம் திறக்கும், உங்களுடைய எண் எது என்பது அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அங்கே கேட்கப்படும் கடவுச்சொல் வைஃபையின் கடவுச்சொல் அன்று, நிர்வாகிக்கு உரிய தனிக் கடவுச்சொல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்கு எழுதுபவர்களே அதிகம். உள்ளே போனதும், வைஃபை பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் பழைய கருவி இணங்காவிட்டால் டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றுங்கள், வீட்டுக்கு அது போதும். ஆனால் அந்தப் பட்டியலில் டபிள்யூஇபி என்று இவற்றுக்கெல்லாம் முந்தைய பழைய முறை ஒன்று இருந்தால், பழைய கருவி எவ்வளவு கெஞ்சினாலும் அதைத் தொடாதீர்கள். அதன் பூட்டு 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது.

ரீசெட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்தி மறுக்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். பல இணைப்புகளில் சேவை நிறுவனம் வழங்கிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் பதிவாகியிருக்கும். ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் அவையும் சேர்ந்தே அழிந்துபோகலாம். பிறகு வைஃபை இணையும், இணையம் வராது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படி அழுத்திவிட்டு, திங்கட்கிழமை தொலைபேசியில் ஆள் கிடைக்கும்வரை வீட்டில் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் கையில் எழுதி இருந்து, ஒரு கருவிகூட இணையாத நிலை வந்தால் மட்டுமே அந்தத் துளையைத் தேடுங்கள்.

அமைப்புப் பக்கத்துக்குள் போயிருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். எரிந்துபோன ரவுட்டரில் இருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதியதற்கும் வைத்துவிட்டால், தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா என்று வீட்டில் மிச்சமுள்ளவை பெரும்பாலும் உங்களைக் கேட்காமலேயே இணைந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டு வைஃபை முன்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறது. சமையலறைக்குப் போனால் கடவுச்சொல் தவறு என்று வருகிறது. திரும்ப முன்னால் வந்தால் சரியாகிவிடுகிறது. வைஃபைக்கு ஹோம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இது என்ன மாயம்?
– கல்லூரி மாணவர், அதே ஊர்

பதில்: மாயம் அந்தப் பெயரில் இருக்கக்கூடும். கைப்பேசி ஒரு வைஃபையை அடையாளம் காண்பது முதன்மையாக அதன் பெயரைக் கொண்டுதான். வரிசை வீடுகளில் உங்கள் சமையலறைக்கும் பின்வீட்டின் சமையலறைக்கும் இடையே ஒரு பின்சந்துதான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரரும் ஹோம் என்றே பெயர் வைத்திருந்தால், நீங்கள் பின்னால் போகும்போது அவருடைய அலை ஓங்க, உங்கள் கைப்பேசி உங்கள் கடவுச்சொல்லை அவருடைய ரவுட்டரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்கும், அதுவும் முறையாக மறுக்கும். சோதிப்பது எளிது. உங்கள் ரவுட்டரை அணைத்துவிட்டுச் சமையலறையில் நின்று வைஃபை பட்டியலைப் பாருங்கள். ஹோம் இன்னும் அங்கே இருந்தால் அது உங்களுடையது அன்று. அதற்கு முன், வீட்டில் யாராவது எப்போதோ வாங்கி மாட்டிய அலைப்பெருக்கி ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் பழைய கடவுச்சொல்லோடு எரிந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதுவும் இதே விளையாட்டைக் காட்டும். பின்வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தால் அவரிடம் போய்ப் பேச வேண்டியதில்லை, உங்கள் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: வைஃபைக்குத் தமிழில் பெயரும் கடவுச்சொல்லும் வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பேராக்

பதில்: கடவுச்சொல்லைத் தமிழில் வைக்க இயலாது, ஐயா. அது 8 முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் நீளமாக எழுதி வைத்துக்கொள்ளலாம், வீட்டார் நினைவில் நிற்கும், அடுத்தவரால் ஊகிப்பதும் கடினம். பெயரைத் தமிழில் வைக்கப் பல ரவுட்டர்கள் இடம் தருகின்றன. ஆனால் பெயருக்கு 32 பைட்டுகளே (பைட் என்பது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் இடத்தின் அளவு) எல்லை, தமிழில் ஒவ்வோர் எழுத்துக்குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. எங்கள் வீடு என்பது இடைவெளியோடு 31 பைட்டில் தப்பிவிடுகிறது. தோட்டத்து வீடு என்று வைக்க ஆசைப்பட்டால் 40 ஆகி வெளியே நிற்கும். நம்ம வீடு என்றால் 25தான்.