அசெட்ஸ் கோப்பில் எழுத முடியாதது ஏன்?

வணக்கம். செயலியோடு அசெட்ஸ் கோப்புறையில் இணைத்த ஜேசன் (JSON, தரவை எழுத்து வடிவில் வைக்கும் முறை) கோப்பைப் படிக்க முடிகிறது, ஆனால் பயனரின் விருப்பக் குறிகளை அதிலேயே எழுத முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டில் அசெட்ஸ் கோப்புறை, கையொப்பமிட்ட ஏபிகே (APK, செயலியை நிறுவும் கோப்பு) பொதிக்குள்ளேயே இருப்பதால், அதைப் படிக்கலாமே தவிர ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது.

முழுக் கோப்பையும் செயலியின் உள்சேமிப்பகத்துக்கு நகலெடுக்கச் சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அடுத்த பதிப்பில் நீங்கள் திருத்தி அனுப்பும் தரவு பழைய நகலோடு மோதும். மூலத்தைத் தொடாமல், பயனர் குறித்தவற்றின் அடையாள எண்களை மட்டும் ஃபைல்ஸ்டிர் (filesDir) தரும் உள்சேமிப்பக இடத்தில் தனிச் சிறு கோப்பாக வையுங்கள்.

எழுதும்போது, எழுத்து பாதியில் நின்றாலும் பழைய கோப்பைக் காக்கும் அட்டாமிக்ஃபைல் (AtomicFile) வகுப்பைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அது இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கையில் செயலி நிறுத்தப்பட்டு, கோப்பு [12, 45, 7 என்று மூடும் அடைப்பின்றி நின்றுபோய், மறுநாள் திறக்கவே மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.